அடர்த்தியும் ஆட்டு மயிரும்

அடர்த்தி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடலாம் என்பதை நான் சிசிலியில் பலெர்மோவுக்கு வந்துதான் கண்டேன்.

வியா மக்வேதா என்ற பெருந்தெருவிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு ஒழுங்கையில் மூன்றாம் மாடி வீடு. அதில் ஒரு புரொபெசோரே இருந்தார். யூனிவர்சிற்றியில் படிப்பித்து ஓய்ந்தவர், கலியாணம் கட்டாதவர். அவரோடு அவருடைய தங்கச்சி, புருசனை இழந்தவ. அவவைத்தான் நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுவது. பதினொரு வருசம் காலை எட்டு மணிக்கு அந்த வீட்டுக்குப் போய், இரண்டு மணி வரைக்கும் கூட்டித் துடைத்து, சமைத்து, இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கினேன். எனக்கு மூன்றாம் வகுப்புத்தான் படிப்பு. இதில் எழுத்துப்பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும், அவர்களுக்கு வேறு வேலையும் இல்லை.

புரொபெசோரேயின் படிப்பு, எழுநூறு எண்ணூறு வருசத்துக்கு முந்தின சுவாமிமார் எழுதி வைத்ததைப் பற்றியது. நான் மினுக்கும்போது எதிரே கதிரையைப் போட்டு இருந்துகொண்டு சொல்லுவார். தங்கச்சி கேட்கமாட்டா, நான் நகர முடியாது, ஆனபடியால் என்னிடம் சொல்லுவார். ஒரு பொருளில் ஒன்றையும் சேர்க்காமல், ஒன்றையும் எடுக்காமல், அது எப்படிப் பெருக்கிறது, எப்படிச் சுருங்குகிறது? தண்ணீர் ஆவியானால் இவ்வளவு பெரிசாக வருகிறதே, அந்தப் பெருப்பம் எங்கே இருந்து வந்தது? சின்ன இடத்தில் கனக்கப் பொருள் இருந்தால் அது தடிப்பாம். பெரிய இடத்தில் கொஞ்சப் பொருள் இருந்தால் அது ஐதாம். வானம் முழுக்க ஒரே பொருள்தானாம், அது நெருங்கித் தடித்த இடம்தான் நட்சத்திரமாம். நிலவில் கறை தெரிவது அந்த இடம் ஐதாக இருப்பதாலா இல்லையா என்று சுவாமிமார் தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடித்தார்களாம். ஒருவராவது ஒரு ஏணியை வைத்து ஏறிப் பார்க்கவில்லை.

உயிர்த்தெழுந்த பிறகு எங்கள் உடம்பு பூட்டின கதவுக்குள்ளால் போகுமாம். ஆனால் தொட்டால் கையில் தட்டுப்படுமாம். அப்படியென்றால் அது ஐதா தடிப்பா என்று இன்னொரு சண்டை. நற்கருணை அப்பம் அவ்வளவு சின்னது, அதற்குள் ஆண்டவர் முழுசாக இருக்கிறார், நெருக்கி அடைத்தபடியா இருக்கிறார் என்று வேறொரு சண்டை. இல்லையாம், அடைக்காமலே முழுசாக இருக்கிறாராம். அதை விளக்க அவரிடம் ஒரு அலுமாரி நிறையப் புத்தகம் இருந்தது, எல்லாவற்றிலும் தூசி தட்டினது நான். நான் மன்னார்ப் பக்கம் ஞானஸ்நானம் வாங்கினவள். ஞாயிறு பூசைக்குப் போய் நாக்கை நீட்டுகிறேன், ஆமென் சொல்லுகிறேன், வருகிறேன். ஆண்டவர் எந்த அளவில் வருகிறார் என்று கேட்கிறதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை.

"அரிசி பொரியிறதைப் பாத்திருக்கிறியளோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏன்?"

"ஒண்டும் சேர்க்காமல் பெருக்கும். ஒரு நிமிசம்தான் எடுக்கும்."

அவர் சிரித்துவிட்டு, அது வேறு கேள்வி என்றார். உவருக்கு எப்போதும் எல்லாம் வேறு கேள்வி.

வியாழக்கிழமைகளில் ஒரு தம்பி வருவார். தமிழ்நாட்டுக்காரர், யூனிவர்சிற்றியில் ஆராய்ச்சி செய்கிறவர், நாற்பது வயதிருக்கும், முன்தலை வழுக்கை. இத்தாலிய பாஷையை விட லத்தீன் நன்றாகத் தெரியும் என்று புரொபெசோரே பெருமையாகச் சொல்லுவார். முதல் நாள் குசினிக்குள் வந்து தண்ணீர் கேட்டவர், என்னைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க தமிழா?" என்றார்.

"இல்லைத் தம்பி, சிசிலிக்காரி. வெயிலிலை கறுத்துப் போனன்."

அதற்குப் பிறகு தண்ணீரை அவரே எடுத்துக் குடிக்கப் பழகினார்.

வியாழன்தோறும் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்து, தம்பி கொண்டுவந்த இனிப்பைத் தின்றுகொண்டு ஒரே சண்டையைப் பிடிப்பார்கள். ஒரு சாமான் சுருங்கினால் அதன் பழைய அளவு செத்து, புது அளவு ஒன்று பிறக்கிறது என்பது புரொபெசோரேயின் கட்சி. ஒன்றும் சாகவுமில்லை பிறக்கவுமில்லை, துண்டுகள் கிட்டக் கிட்ட வந்து ஒட்டுகின்றன, அவ்வளவுதான் என்பது தம்பியின் கட்சி. பதினொரு வருசத்தில் கடைசி நாலு வருசம் இதைக் கேட்டேன். ஒரு வியாழனாவது ஒருவர் மற்றவரை வென்றதாக நான் காணவில்லை. இனிப்புத்தான் முடிந்தது.

இனி மெத்தைக்கு வருகிறேன்.

சிஞ்ஞோராவுக்குச் சீதனமாக வந்த மெத்தை ஒன்று இருந்தது. உள்ளே முழுக்கச் செம்மறியாட்டு மயிர். கோடை வந்தால் உறையைப் பிரித்து, மயிரைக் கழுவிக் காயவைத்து, கையால் பிய்த்துப் பிய்த்து உதிரியாக்கித் திரும்பத் தைக்கவேணும். அதைச் செய்து கொடுத்த மனிசி செத்து ஆறு வருசம், அந்த ஆறு வருசமும் ஒருவரும் மெத்தையைப் பிரிக்கவில்லை. போன ஆனி மாதம் சிஞ்ஞோரா என்னிடம், "அடுத்த கிழமை நீ கழுவு" என்றா. ஆனால் முதலில் மெத்தையைச் சுருட்டிக் கட்டி என் தலையில் வைத்து, கபோ சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கே உருளைக்கிழங்கு விற்கிறவனின் தராசில் வைத்து நிறுக்கச் சொன்னா. உறைக்கு ஒரு கிலோவைக் கழித்துப் பதினைந்து கிலோ. எதற்கு என்று நான் கேட்கவில்லை. பிறகுதான் விளங்கினது. கம்பளியை அடுத்தவர் கையில் கொடுக்க முதல் நிறுத்து வைப்பது அந்தக் குடும்பத்துப் பெண்களின் பழக்கமாம், மெத்தை தைக்கிறவர்கள் களவெடுப்பார்களாம். என்னைக் கள்ளி என்று நினைத்து நிறுத்த சாமானை என் தலையிலேயே சுமக்க வைத்தா. அதையும் நான் சுமந்தேன்.

அடுத்த நாள் அவ கடற்கரையில் இருக்கிற மச்சாள் வீட்டுக்கு ஒரு கிழமைக்குப் போய்விட்டா. எப்படிக் கழுவுவது என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்று நானும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் ஆட்டு மயிர் ஆட்டில்தான் இருக்கும், மெத்தைக்குள் இராது. எங்கள் மெத்தை பஞ்சு, இல்லாவிட்டால் தும்பு. ஆனால் ஊத்தையை எப்படிப் போக்குவது என்பதில் எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். ஊரில் சண்டை முடிந்து முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்த காலத்தில் பேனுக்கும் சிரங்குக்கும் பயந்து, கிடைத்த துணி எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, தடியால் குத்தி எடுத்தோம். அதிலிருந்து எங்கள் பெண்கள் எதையும் அப்படித்தான் தோய்ப்பது. கொதிக்காத தண்ணீரில் கழுவினது எங்களுக்குக் கழுவினதே இல்லை. நானும் பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, குளிக்கும் தொட்டியில் ஊற்றி, சவர்க்காரம் போட்டு, விளக்குமாற்றுத் தடியால் குத்தினேன். தண்ணீர் கறுப்பாக வந்தது. எனக்கு அதில் ஒரு திருப்தி.

மொட்டை மாடியில் காயப் போட்டபோதுதான் பார்த்தேன். மயிர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னி, இறுகி, கொழுக்கட்டை கொழுக்கட்டையாகக் கிடந்தது. பிய்க்க வரவில்லை. உறைக்குள் போட்டால் பாதி உறைதான் நிரம்பினது. அது என்னுடைய பிழைதான். அதை ஒளிக்க எனக்கு அவசியமில்லை.

சிஞ்ஞோரா திரும்பி வந்தது ஒரு வியாழன் மத்தியானம். புரொபெசோரேயும் தம்பியும் மேசையில் இருந்தார்கள். அவ அறைக்குள் போய் மெத்தையை ஒரு கையால் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தா.

"பாதி எங்கே?"

"எல்லாம் உள்ளே இருக்கு, சிஞ்ஞோரா. சுருங்கிப் போச்சு. கொதிதண்ணி ஊத்தினது என்ரை பிழை."

"சுருங்கினால் இவ்வளவா? எனக்குக் கண் இருக்கிறது. பாதியைக் கொண்டுபோய் உங்கள் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டாய்."

நான் புரொபெசோரே பக்கம் திரும்பினேன். வாழ்நாளில் முதல்தரம் உவருடைய படிப்பு ஒருவருக்கு உதவப்போகிறது என்று நினைத்தேன்.

"நீங்கள் சொல்லுங்கோ. ஒண்டையும் எடுக்காமல் ஒரு சாமான் சுருங்கும் எண்டு பதினொரு வருசமாய் நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள்."

அவர் எழும்பினார். முகம் பூத்துப்போயிருந்தது. அறைக்குள் போய் ஒரு கொழுக்கட்டையை எடுத்துவந்து, கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, நசித்து, மணந்து, தம்பியிடம் கொடுத்தார். தம்பியும் நசித்தார். பிறகு இரண்டு பேரும் தொடங்கிவிட்டார்கள். பார், பழைய அளவு போய்விட்டது, இது புது அளவு என்று இவர். இல்லை, அந்த மயிர்தான், கிட்ட வந்திருக்கிறது என்று அவர். நான் ஈரத்துணியோடு அங்கேயே நிற்கிறேன். என் பெயர் அந்த மேசையில் கிடக்கிறது, அதைத் தள்ளி வைத்துவிட்டு இனிப்புத் தட்டை நடுவில் இழுக்கிறார்கள்.

சிஞ்ஞோராதான் அவர்களை நிறுத்தினா. அவ படிக்கவில்லை, ஆனால் மூளை இருக்கிறது. "இதன் பருமனைப் பார்த்து, இவள் எடுத்தாளா இல்லையா என்று சொல்ல முடியுமா, முடியாதா?" என்று தமையனைக் கேட்டா.

புரொபெசோரே யோசித்தார். "பருமனை வைத்துச் சொல்ல முடியாது" என்றார். "எடுத்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். எடுக்காவிட்டாலும் இப்படித்தான் தெரியும்."

அது நேர்மையான பதிலாம், பிறகு தம்பி எனக்குச் சொன்னார். பதினொரு வருசம் அவருடைய மாத்திரையை எண்ணிக் கொடுத்தவள், கட்டிலுக்குக் கீழே விழுந்த மோதிரத்தைக் கண்டெடுத்துக் கொடுத்தவள் இந்தப் பக்கம் நிற்க, அந்தப் பக்கம் நேர்மை. எடுக்கமாட்டா என்று ஒரு வார்த்தை அவருடைய வாயில் வரவில்லை. அது புத்தகத்தில் இல்லைப்போல.

வாசலில் தம்பி செருப்பைப் போட்டபடி, "விடுங்கம்மா, பெரியவங்க, ஏதோ கோவத்துல சொல்லிட்டாங்க" என்றார்.

"உம்மை ஆரும் கள்ளன் எண்டால் விடுவீரோ?"

அவர் போனைப் பார்த்துக்கொண்டு படி இறங்கினார்.

அன்றைக்கே சிஞ்ஞோரா மச்சாளுக்கு ரெலிபோன் அடித்தா. பிறகு பூசை முடிந்து சீட்டு விளையாடுகிற இரண்டு சிநேகிதிகளுக்கு அடித்தா. நான் குசினிக்குள் நிற்கிறேன் என்று தெரிந்துதான் பெலத்துக் கதைத்தா. அந்த மூன்று பேருடைய வீடுகளிலும் எங்கள் பெண்கள் வேலை செய்கிறார்கள். எங்களுக்கு வேலைக்கு வீடு கிடைப்பது பத்திரிகையில் பார்த்து இல்லை, ஒரு சிஞ்ஞோரா இன்னொரு சிஞ்ஞோராவுக்குச் சொல்லி. கெட்டுப்போவதும் அப்படித்தான். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வர, ஒருத்தி என் கையைப் பிடித்து, "அக்கா, ஏதோ மெத்தைப் பிரச்சினையாம்?" என்று மெதுவாகக் கேட்டாள். பிடித்த கையை உடனே விட்டுவிட்டாள். எனக்கு அறுபத்தெட்டு வயது. வன்னியில் இருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்தபோதும் ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்குப் போனேன். மேற்சட்டையைக் கழற்றவில்லை.

"சிஞ்ஞோரா, போக முதல் நிறுத்தனீங்கள். இப்ப திரும்ப நிறுப்பம்."

அவ தலையாட்டினா. புரொபெசோரே கோப்பிக் கோப்பையோடு வந்து, நிறை வைத்துப் பொருளின் அளவைச் சொல்ல ஏலாது என்றார். அந்தச் சுவாமிமார் காலத்தில் நிறை வேறு, பொருளின் அளவு வேறாம். நெருப்பிலும் பொருள் இருக்கிறது, ஆனால் அது மேலே போகிறதே என்றார்.

"மெத்தைக்குள்ளே நெருப்பே வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு மெத்தையைச் சுருட்டிக் கட்டினேன். இந்த முறை நான் சுமக்கவில்லை. தம்பியை ரெலிபோனில் கூப்பிட்டேன். லத்தீன் படித்த தோளுக்கும் கொஞ்சம் வேலை கொடுக்கலாம் என்று நினைத்தேன். வந்தார், சுமந்தார், கபோவின் கல் பாவின வழியில் மீன்காரர்களுக்குள்ளால் வேர்த்து ஒழுகி நடந்தார். பின்னால் சிஞ்ஞோரா, அவவுக்குப் பின்னால் தடியூன்றி புரொபெசோரே.

உருளைக்கிழங்குக்காரன் எங்களைக் கண்டதும், "திரும்பவும் மெத்தையா? ஆர் செத்தது?" என்றான்.

"ஒருத்தரும் சாகேல்லை. நிறு."

உறையைக் கழித்துப் பதின்மூன்றரைக் கிலோ.

சிஞ்ஞோரா சிரித்தா. ஒன்றரைக் கிலோ குறைவு. பாதி என்று சொன்னவ, இப்போது ஒன்றரைக் கிலோவுக்கும் அதே முகத்தை வைத்துக்கொண்டு நின்றா. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அந்தக் கறுப்புத் தண்ணீர் ஞாபகம் வந்தது.

"அது ஊத்தை" என்றேன். "ஆறு வருச ஊத்தை. தண்ணியோடை போச்சுது."

"என் வீட்டில் ஊத்தை இல்லை" என்றா சிஞ்ஞோரா.

"அப்படியெண்டால் இன்னொண்டைக் கழுவிக் காட்டுறன். நீங்கள் பக்கத்திலை இருந்து பாருங்கோ. ஐயாவின்ரை மெத்தையும் அதே ஆடுதானே."

புரொபெசோரே பதறிப்போனார். தன்னுடைய முதுகு வேறு எதிலும் படுக்காதாம். கொள்கையளவில் நல்ல யோசனைதான், ஆனால் மெத்தை முழுதும் தேவையா என்றார். வாழ்நாள் முழுக்க, சுருங்குகிற பொருளுக்கு என்ன நடக்கிறது என்று கேட்டவர். நான் காட்டுகிறேன் என்றதும் முதுகைத் தடவுகிறார். கடைசியில் தலையணைக்குச் சம்மதித்து, தம்பியை அனுப்பி அதை வீட்டிலிருந்து எடுப்பித்தார். அதற்குள்ளும் அதே காலத்து ஆட்டு மயிர்தான். உறையைக் கழற்றி மயிரை மட்டும் நிறுத்தோம். ஒரு கிலோ, தராசுக்காரன் இரண்டுதரம் வைத்துப் பார்த்தான்.

அன்று பதினொரு மணிக்குக் குளியலறையில் சிஞ்ஞோரா முக்காலியைப் போட்டுக் குந்தினா. நான் அதே பானை, அதே சவர்க்காரம், அதே தடி. வேணுமென்றே மெதுவாகச் செய்தேன். தண்ணீர் கறுக்கத் தொடங்க, அவ காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்தா.

"பாருங்கோ" என்றேன்.

"பார்க்கிறேன்" என்றா.

"நல்லாய்ப் பாருங்கோ. இது உங்கடை வீட்டிலை இல்லாத ஊத்தை."

காயப்போட்டது பின்பக்க பல்கனியில். சிஞ்ஞோரா கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டா. மூன்று நாள் நான் வேலைக்குப் போய் வந்தேன், அவவும் நானும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. புரொபெசோரே கழுத்து நோகிறது என்று ஒரு பக்கம் சரிந்தபடி திரிந்தார். பல்கனிக் கண்ணாடியில் மூக்கை வைத்து, கிளியைப் பார்க்கிற மாதிரி அந்த மயிரைப் பார்ப்பார். அளவு செத்ததோ பிறந்ததோ எனக்குத் தெரியாது. கண்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வியாழக்கிழமை நாலு பேரும் திரும்ப கபோவுக்குப் போனோம். தலையணைக்குள் இருந்தது இப்போது ஒரு சின்னப் பைக்குள் அடங்கினது, தம்பி ஒரு கையில் தூக்கி வந்தார். வழியில் புரொபெசோரே அவரிடம், கொதிக்க வைத்ததில் ஏதாவது ஐதான பொருள் ஆவியோடு வெளியேறியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உருளைக்கிழங்குக்காரன் பையை வைத்தான். முள் நின்றது. தொள்ளாயிரம் கிராம்.

நான் வாயைத் திறக்கவில்லை. படித்தவர்கள் இரண்டு பேர் நின்றார்கள், அவர்களுக்கு முதலில் இடம் கொடுத்தேன். புரொபெசோரே தாடையைத் தடவினார். தம்பி போனை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். அதற்குள் உருளைக்கிழங்குக்காரன் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுச் சொன்னான்:

"கிலோவுக்கு நூறு கிராம் ஊத்தை. பதினைந்துக்கு ஒன்றரை. சிஞ்ஞோரா, இந்த அம்மா உங்கள் வீட்டில் களவெடுத்தது உங்கள் ஊத்தையைத்தான்."

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். மீன்காரனும் சிரித்தான். சிஞ்ஞோராவின் கழுத்து சிவந்துபோயிற்று. "அப்படியென்றால் என் மெத்தையைக் கெடுத்துவிட்டாய்" என்றா.

"ஓம். கெடுத்தது நான்தான். அதை நான் முதல் நாளே சொன்னனான்."

திரும்பி வரும்போது தம்பி என்னோடு சேர்ந்து நடந்தார். அவருடைய முகத்திலும் பூ. "அம்மா, இது ரொம்ப முக்கியமான விஷயம். அந்தக் காலத்துல யாருமே இப்படிச் செஞ்சு பாக்கல. நான் ஒரு கட்டுரையில இதை எழுதலாமா?"

"எழுதும். முதல் வரியிலை நான் களவெடுக்கேல்லை எண்டு எழுதும்."

"அது வந்து... கட்டுரைக்கு அது பொருந்தாதேம்மா."

"அப்ப எழுதாதையும்."

எழுதினாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. எழுதியிருந்தாலும் அதை வாசிக்கப் போகிறவர்கள் உவரைப் போல இரண்டு மூன்று பேர்தான்.

வீட்டுக்கு வந்ததும் சிஞ்ஞோரா கைப்பையை மேசையில் வைத்து, எல்லாம் முடிந்த மாதிரி, "மத்தியானத்துக்கு மீனைப் பொரி" என்றா. நான் அசையவில்லை.

"முதல் மச்சாளுக்கு அடியுங்கோ."

"எதற்கு?"

"களவு போச்சுது எண்டு அடிச்சனீங்கள் எல்லே. இப்ப போகேல்லை எண்டு அடியுங்கோ. எனக்கு முன்னாலை."

புரொபெசோரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சத்தமில்லாமல் மூடும், அதன் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டது நான்தான். சிஞ்ஞோரா கைப்பையைத் தள்ளி வைத்தா. பிறகு ரெலிபோனை எடுத்தா. மச்சாளோடு முதலில் வெயிலைப் பற்றிக் கதைத்தா. முழங்கால் நோவைப் பற்றிக் கதைத்தா. கடைசியில், போகிற போக்கில், "அந்தக் கம்பளி கிடைத்துவிட்டது" என்றா.

"கிடைக்கேல்லை" என்றேன். "போனால்தானே கிடைக்கிறது."

அவ ரெலிபோனின் வாயைக் கையால் பொத்தினா. "என்ன சொல்லவேணும் உனக்கு?"

"நடந்ததைச் சொல்லுங்கோ. பெரிய படிப்பு ஒண்டும் தேவையில்லை."

கையை எடுத்தா. "அவள் ஒன்றும் எடுக்கவில்லை" என்றா. "நிறுத்துப் பார்த்தோம். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்." மச்சாள் அந்தப் பக்கம் ஏதோ நீட்டிக் கேட்டா. "ஓம், பிழையாக" என்று சிஞ்ஞோரா இரண்டாம் தரமும் சொன்னா. பிறகு வைத்துவிட்டா.

அடுத்தவவுக்கு அடித்தா, அது சுருக்கமாக முடிந்தது. மூன்றாவதாக அடித்த சிநேகிதியின் லைன் வேறு ஆரோடோ கதைத்துக்கொண்டிருந்தது. சிஞ்ஞோரா ரெலிபோனை வைத்துவிட்டு, பின்னேரம் பார்ப்போம் என்றா.

பதினொரு வருசத்தில் அந்தச் சாப்பாட்டு மேசைக் கதிரைகளை நான் துடைத்திருக்கிறேன், இருந்ததில்லை. ஒன்றை இழுத்து அவவுக்கு எதிரே இருந்தேன்.

"பின்னேரம் வேண்டாம்" என்றேன். "கதைச்சு முடிக்கட்டும். நான் இருக்கிறன், திரும்ப அடியுங்கோ."